இது கோளாறு அல்ல, பனி

கோலாலம்பூருக்கு வடக்கே மலைமேல் இருக்கும் ரிங்லெட் என்ற ஊரிலிருந்து ஏறிப்போகும் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலாயி பதினோரு வருடமாக ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் விடிந்ததும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். மூன்று மணிக்கு வந்து தூக்கிப்போவார்கள். இடையில் இருபத்திரண்டு பிள்ளைகளையும் சேதம் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். தோட்டம் அவளிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

பிள்ளைகளை ஓரிடத்தில் உட்காரவைக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. தோட்டத்து ஆபீசில் ஒரே ஒரு டெலிபோன். அதற்கு வருடா வருடம் புது டைரக்டரி வரும். பழையதை அடுப்பெரிக்கக் கொட்டகைக்குக் கொடுத்துவிடுவார்கள். வேலாயி அதை எரிக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு மாடு போட்டிருந்தாள். பக்கங்களை வளைத்துப் பிடித்துக் கட்டைவிரலைத் தளர்த்தினால் மாடு நடக்கும். பெயர் வரிசையில் அப்துல்லாக்களிடம் எழுந்து நின்று, லிம்களிடம் வேலி தாண்டி, சிங்குகளிடம் பூ மேய்ந்து, யாப்களிடம் வீடு திரும்பிப் படுத்துக்கொள்ளும். பிள்ளைகள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்ப்பார்கள். மாடு ஒரு தடவையும் வழி மாறியதில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம் மார்ச் மாதம் கோலாலம்பூர் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து சாம்பசிவம் என்ற தயாரிப்பாளர் தேயிலை பற்றிப் படம் எடுக்க வந்தார். மழை பிடித்துக்கொண்டது. கேமராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர் ஓடி ஏறிய இடம் ஆயாக் கொட்டகை. அங்கே பிள்ளைகள் டைரக்டரியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

சாம்பசிவம் அதை வாங்கி ஒரு தடவை புரட்டினார். மறுபடி புரட்டினார். ஐந்தாவது தடவை பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"இது யார் போட்டதும்மா?"

"நாந்தான் சார்," என்றாள் வேலாயி. "அடுப்புக்குத்தான் குடுத்தாங்க. எரிக்காம வச்சிருந்தது தப்புங்களா?"

சாம்பசிவத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. முந்தின தீபாவளிக்கு நிலையத்தில் வெளிநாட்டுச் சித்திரப்படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். பேச்சே கிடையாது. ஒரு மண்டபம் நிறைய வயலின், அதற்கு ஏற்ப கரடிகளும் வாத்துகளும் ஆடின. அது முடிந்த வாரம் கிள்ளானிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார். நம் பண்டிகை அன்று நம் பிள்ளைகள் ஏன் வெள்ளைக்காரன் வயலினுக்கு ஆடும் கரடியைப் பார்க்க வேண்டும், நமக்குச் சங்கீதம் இல்லையா, நம்மிடம் மிருகங்கள் இல்லையா என்று கேட்டிருந்தார். நிலையத்தின் தமிழ்ப் பிரிவுத் தலைவர் கடிதத்தின் ஓரத்தில், "நியாயம். சாம்பசிவம் செய்யவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாம்பசிவம் அதுவரை ஒரு கோட்டைக்கூட அசையவைத்தவர் அல்ல. அந்தப் பிரிவில் யாருமே அல்ல.

அவர் எல்லாவற்றையும் வேலாயியிடம் சொன்னார். மழை விடவில்லை; சொல்ல நேரம் இருந்தது.

"டீவிக்குன்னா ஒரு செகண்டுக்குப் பன்னெண்டு படம் வேணும்மா."

"எத்தினி செகண்டு சார்?"

"ஏழு நிமிஷம்னு வச்சுக்கலாம். ஐயாயிரத்துக்கு மேல போவும்."

வேலாயி அழுத பிள்ளை ஒன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "மாடு படுத்திருந்தா?"

"படுத்திருந்தா?"

"படுத்து அசை போட்டா வாய் மட்டுந்தானே சார் அசையும். ஒடம்ப ஒரு தடவ போட்டா போதும்ல. நடக்கறதும் எட்டுப் படந்தான். திருப்பித் திருப்பி அதையே நடக்கவிடலாம்."

இந்த வேலையை இவளிடமே கொடுப்பது என்று அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்ததாகச் சாம்பசிவம் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

சங்கீதத்துக்குக் கோலாலம்பூரில் வித்துவான்கள் இருக்கிறார்கள், ஏற்பாடு செய்துவிடலாம் என்றார் அவர். அதற்கு மட்டும் வேலாயி ஒப்புக்கொள்ளவில்லை.

"நல்லுசாமி அண்ணன் ஊதுனாத்தான் சார் இந்த மாடு நடக்கும்."

"அது யாரு?"

"பேக்டரில டிரையர் பாக்குறவரு."

நல்லுசாமிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. தொழிற்சாலையில் இலை காயவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். மாரியம்மன் கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தொழிற்சாலைக்குப் பின்னால் நின்று சாதகம் செய்வது அவர் வழக்கம். பின்பக்கம் என்றால் ஆயாக் கொட்டகைக்கு நேர் எதிரே. டைரக்டரியில் இருந்த மாடு முழுவதையும் வேலாயி அந்தச் சத்தத்தில்தான் போட்டிருந்தாள். அவர் ஒரு சுரத்தில் நின்றால் மாடும் நிற்கும்படி அது தானாக அமைந்துவிட்டது.

மறுநாள் காலை கோயிலில் வைத்து நல்லுசாமியின் வாசிப்பைச் சாம்பசிவம் பதிவுசெய்தார். மலயமாருதம் வாசித்தார். அது காலை ராகம். இரவு ஷிப்ட் முடிந்து வரும் நாட்களில் அவர் வாய்க்கு அதுதான் வரும். பாட்டு ஏதும் இல்லை, தவில் இல்லை, வெறும் ஆலாபனை. சரியாக ஏழு நிமிடத்தில் டேப் தீர்ந்து டக்கென்று நின்றது. நல்லுசாமி வாசித்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, டேப் முடிஞ்சிருச்சு."

நல்லுசாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அந்தப் பிடியை முடித்துவிட்டு வாத்தியத்தை இறக்கினார். "நான் முடிக்கலியேங்க," என்றார்.

அந்த ஏழு நிமிடமே படத்தின் நீளம் என்று ஆயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஒரு பெரிய பெட்டி வந்தது. உள்ளே ஓரத்தில் துளையிட்ட காகிதக் கட்டுகள், அவற்றை நகராமல் மாட்டிவைக்க இரண்டு முளை வைத்த பலகை, ஒரு ஸ்டாப்வாட்ச், நல்லுசாமியின் வாசிப்பு அடங்கிய கேசட். ஏப்ரலிலிருந்து வேலாயி வரைந்தாள். பகலில் கொட்டகையில் பிள்ளைகள் தூங்கும்போது கேசட்டைப் போட்டு, எந்தப் பிடி எத்தனை செகண்டு என்று அட்டையில் குறித்துக்கொள்வாள். சாயங்காலம் வீட்டில் வரைவாள். கதை டைரக்டரியில் இருந்த அதே கதைதான். கொட்டகை மாடு ஒன்று காலையில் எழுந்து, தேயிலைச் சரிவில் நடந்து, தோட்ட மேனேஜரான துரையின் பங்களா வேலியைத் தாண்டி ரோஜாப் பூக்களைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கும். இதைவிடப் பெரிய கதை வேண்டுமா என்று சாம்பசிவம் கேட்டு எழுதியிருந்தார். மாட்டுக்கு இதுவே அதிகம் என்று வேலாயி பதில் போட்டாள்.

அவள் புருஷன் காளியண்ணன் கொழுந்து லோரி ஓட்டுபவன். அவனுக்கு இந்த வேலை பிடித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வீட்டில் கால் வைக்க இடம் இல்லாமல் காகிதம் காய்ந்தது. அவன் நுனிக்காலில் நடந்தான்.

"மாட்டப் பாக்கணும்னா வாசலுக்குப் போனா போதும்லா," என்று ஒரு நாள் சொன்னான். "அதுக்கு எதுக்குப் பெட்டி பெட்டியா காயிதம்?"

"இது டீவில நடக்கும்."

"நம்ம மாடு வெளியவே நடக்குதே."

அவன் சொன்னது சரிதான். ஆனால் ஒவ்வொரு நூறு படமும் அட்டைக்குள் கட்டி முடிந்ததும் அதற்கு மழைத்துணி சுற்றி, லோரியில் தன் பக்கத்து சீட்டில் வைத்துத் தானா ராத்தா போஸ்ட் ஆபீசில் சேர்த்தவன் அவன்தான். ஒரு கட்டையும் அவன் பிரித்துப் பார்க்கவில்லை. வேலாயி காட்டுகிறேன் என்றபோதும், "முடியட்டும்" என்றுவிட்டான். அது அவளுக்கு உறுத்தியது.

திருப்பிப் பயன்படுத்தியதெல்லாம் போகப் படங்கள் ஆயிரத்து எண்ணூறு ஆயின. வர்ணம் பூச அவளால் தனியே முடியாது. கங்காணியின் மனைவி மணியம்மா லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் ஒன்பது பேரைச் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோட்டத்து ஹாலில் வரிசையாக உட்கார்ந்து பூசினார்கள். கொழுந்தெடுத்த விரல்கள், கோட்டுக்கு வெளியே ஒரு சொட்டு போகவில்லை. மணியம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்கு நடுவே நடந்தாள். யார் கை நின்றாலும் அங்கே போய் நின்றாள்.

வேலாயி ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டாள். மாட்டுக்கு என்ன நிறம் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது செவலை மாடு. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று நினைத்திருந்தாள். ஒன்பது பெண்களில் எட்டுப் பேர் வீட்டில் மாடு இருந்தது. ஒவ்வொருத்தியும் தன் மாட்டின் நிறத்தைப் பூசினாள். மாடு இல்லாத ஒருத்தி, முன்பு வைத்திருந்த மாட்டின் நிறத்தைப் பூசினாள். வேலாயி அந்த ஞாயிறுகளில் துரை பங்களாவின் வேலியைப் பின்னணியாக வரைந்துகொண்டிருந்தாள். கட்டுகள் கட்டி முடிக்கப்பட்டே அவளிடம் வந்தன.

ஆகஸ்டில் கோலாலம்பூர் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கேசட் பதிவில் கோயில் மணியும் ஒரு சேவலும் விழுந்திருப்பதால் ஸ்டூடியோவில் மறுபடி வாசிக்க வேண்டும். வேலாயியும் கூட இருந்தால் நல்லது. இருவரும் தாப்பா வழியாக பஸ்ஸில் போனார்கள். முதல் இருபது வளைவுகளுக்கு நல்லுசாமி நாதஸ்வரத்தை மடியில் வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்ததால் வேலாயி வைத்துக்கொண்டாள். கோலாலம்பூர் கொதிக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவந்தார். ஸ்டூடியோ தோட்டத்தைவிடக் குளிராக இருந்தது. சவுண்டு என்ஜினியர் ஒருவர் தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார்.

முதலில் படத்தைச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டினார்கள்.

மாடு எழுந்தது. செவலையாக எழுந்தது. எழுந்து நிற்பதற்குள் கருப்பாயிற்று. நாலு அடி நடந்ததும் வெள்ளை, பிறகு நெற்றியில் பொட்டு வைத்த சாம்பல், மறுபடி செவலை. சரிவில் இறங்குவதற்குள் பத்துத் தடவை மாறியது.

"எத்தன மாடு வேலாயி?" என்றார் நல்லுசாமி.

"ஒண்ணுதாண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேலாயிக்குத் திரையைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்தாள். ஐந்து மாத வேலை. எல்லாவற்றையும் திரும்பப் பூச இனி நாள் இல்லை. சாம்பசிவம் இருட்டில் அவள் பக்கம் குனிந்து, இதை அவள் வேண்டுமென்றே செய்ததாகத்தான் தான் நினைத்ததாகச் சொன்னார்.

நான்காவது நிமிடத்தில் அவள் தலையைத் தூக்கினாள். மாடு வேலிக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. அந்த இடத்தை மே மாதம் காய்ச்சலோடு வரைந்தாள். என்ன வரைந்தாள் என்றே நினைவில்லை. மாடு காதை ஒரு தடவை பின்னால் மடித்து, மறுபடி நிமிர்த்தி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தது. நேராக அவளைப் பார்த்தது. பிறகு தாண்டியது. டைரக்டரியில் அது இப்படிப் பார்த்ததில்லை. வேலாயிக்கு மூக்கில் நீர் வந்தது. குளிரு என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

பதிவு ஆரம்பித்தது. கேசட்டில் இருக்கிறபடியே வாசித்துவிடுங்கள், படம் அதற்கு அளந்து செய்தது என்று என்ஜினியர் சொன்னார்.

"அது மார்ச் மாசம் ஊதுனது," என்றார் நல்லுசாமி.

"அதையேதான்யா."

"இது ஆகஸ்டு."

என்ஜினியர் சாம்பசிவத்தைப் பார்த்தார். சாம்பசிவம் வேலாயியைப் பார்த்தார்.

"அண்ணன் மாட்டப் பாத்துக்கிட்டே ஊதட்டும் சார்," என்றாள் அவள். "அது நிக்கிற எடத்துல அவரும் நிப்பாரு."

அப்படியே செய்தார்கள். திரையில் மாடு எழுந்தது. நல்லுசாமி கீழ் சட்ஜத்தில் மெதுவாக ஆரம்பித்தார். மாடு நடந்தபோது அதன் குளம்பைப் பார்த்துக்கொண்டே சுரத்தில் நடந்தார். வேலிக்கு முன்னால் அது நின்றபோது, பஞ்சமத்தில் மூச்சுப் பிடித்து அதுகூடவே நின்றார். அது தாண்டியதும் மேல் ஸ்தாயிக்குத் தாவினார். கேசட்டில் இருந்தது ஒன்றுகூட அதில் இல்லை. ஆனால் எல்லாம் அளவாக விழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் என்ஜினியர் தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏழாவது நிமிடத்தில் மாடு வீட்டுக்கு வந்து படுத்தது. திரை இருண்டது. நல்லுசாமி கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார். என்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் குறுக்கே அசைத்தார். மூடிய கண்ணுக்கு அது தெரியவில்லை. கதவைத் திறந்து உள்ளே போக யாருக்கும் மனம் வரவில்லை. ராகம் கீழே இறங்கி, இறங்கி, சத்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்துக்கு வந்து நின்றது. அவர் கண்ணைத் திறந்தார்.

"இப்ப முடிச்சிட்டேன்," என்றார்.

எட்டு நிமிடம் நாற்பது செகண்டு. ஒரு நிமிடம் நாற்பது செகண்டு கூடுதல். சாம்பசிவமும் என்ஜினியரும் வேலாயியும் அதை மறுபடி போட்டுக் கேட்டார்கள். வாசித்ததில் நல்ல பகுதி அந்தக் கூடுதல்தான்.

"வெட்டித்தான் ஆகணும்," என்றார் சாம்பசிவம். "படம் இல்லியேம்மா."

"இத வெட்டாதீங்க சார்."

"மாடு படுத்தாச்சு. அதுக்கப்புறம் எதக் காட்டறது?"

வேலாயி இருண்ட திரையைப் பார்த்தாள். பிறகு, "பனி எறங்கிருச்சுன்னு வச்சுக்குங்க," என்றாள்.

"பனியா?"

"எங்கூருல மத்தியானம் மூணு மணிக்கு மூடிக்கும் சார். ஒண்ணும் தெரியாது. மாடு அங்கதான் இருக்கும். நமக்குத் தெரியல, அவ்ளோதான்."

காகிதம் கேட்டு வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து இருபத்து நாலு படம் போட்டாள். இரண்டு செகண்டில் சரிவு மறைந்து, வேலி மறைந்து, மாடு மறைந்தது. மிச்சம் ஒரு நிமிடம் முப்பத்தெட்டு செகண்டும் ஒரே ஒரு வெள்ளைத் தாள்.

பிரிவின் தலைவர் முழுவதையும் பார்த்தார். வெள்ளை வந்ததும் எழுந்துபோய் டீவிப் பெட்டியைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்தார். ஒன்றரை நிமிடம் இப்படி இருந்தால் நாடு முழுக்க டீவியைத் தட்டுவார்கள் என்றார். வெட்டச் சொல்வார் என்று சாம்பசிவம் காத்திருந்தார். தலைவர் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைத் திரையின் அடியில் தமிழிலும் மலாயிலும் ஒரு வரி ஓட வேண்டும்: "இது கோளாறு அல்ல, பனி."

தீபாவளியன்று காலை பதினொரு மணிக்குப் படம். தோட்டத்து ஹாலில் இருந்தது கருப்பு வெள்ளை டீவி. அது ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும், சாவி ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம். கிராணி எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டியோடு வந்து பெட்டியைத் திறந்தார். துரை தன் நாற்காலியைப் பங்களாவிலிருந்து தூக்கிவரச் சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் மலையாளி, ஆனாலும் துரைதான். பின்னால் முந்நூறு பேர். ஒன்பது பெண்களும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்.

மாடு எழுந்தது. அந்த டீவியில் எல்லா மாடும் சாம்பல் மாடுதான். ஒன்பது பெண்களும் தத்தம் மாட்டை அடையாளம் கண்டுகொண்டார்கள். நல்லுசாமி சுவரோரம் நின்று, வேறு யாரோ வாசிப்பதைக் கேட்பதுபோல் கேட்டார். மாடு பங்களா வேலியைத் தாண்டியபோது எல்லோரும் துரையின் பின்னந்தலையைப் பார்த்தார்கள். பின்னந்தலை அசையவில்லை.

மாடு வீட்டுக்கு வந்து படுத்தது. பனி இறங்கியது. வெள்ளை.

மலையில் டீவி சரியாகத் தெரிவதே அபூர்வம். கூரைமேல் இருக்கும் ஆண்டெனாக் கம்பம் கொஞ்சம் திரும்பினாலும் இப்படித்தான் வெள்ளையடிக்கும். அடியில் ஓடிய வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் முன்னால் இருந்தார்கள். காளியண்ணன் கதவோரம் நின்றிருந்தான். அவன் வெளியே போனான். கூரையில் தகரம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"வந்துச்சா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"பனி," என்று கீழேயிருந்து யாரோ சொன்னார்கள்.

"இங்கயும் பனிதான்லா. டீவி வந்துச்சா?"

"டீவிலதான் பனி."

அவன் கம்பத்தைத் திருப்பினான். அதிர்ஷ்டம், படம் தொலைந்ததே தவிர சத்தம் தொலையவில்லை. வெள்ளை போய்ப் புள்ளிப் புள்ளியாகச் சீறியது. அதற்குள்ளிருந்து நல்லுசாமி இறங்கி வந்துகொண்டிருந்தார். வேலாயி எழுந்து வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். காளியண்ணன் கம்பத்தை விட்டுவிட்டான். புது வேட்டியோடு ஈரத் தகரத்தில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ராகம் முடிந்து, அடுத்த நிகழ்ச்சியின் அறிவிப்பு வந்த பிறகுதான் இறங்கினான். வேட்டி முழுக்கத் துரு.

"அந்த மாடு வீட்டுக்கு வந்துருச்சா?" என்று கேட்டான்.

"வந்துருச்சு."

"சரி," என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீ எம்புட்டு நாள் ஒக்காந்து போட்ட. நான் கடைசிய பாக்காம போயிட்டேன்," என்றான்.

"கடைசில ஒண்ணும் இல்லீங்க. வெள்ளத் தாளு."

"அது எனக்குத் தெரியாதுல்ல," என்றான் காளியண்ணன். அப்படிச் சொல்லிவிட்டு, வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலாயிக்கு ஏப்ரலிலிருந்து இருந்த உறுத்தல் அந்த இடத்தில் போய்விட்டது.

துரை அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் மணியம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"என் தோட்டத்தில ரோஸ் கிடையாது," என்றார் துரை. "டேலியாதான் இருக்கு. எல்லாருக்கும் தெரியும்."

"தெரியுங்க தொர. டேலியாவுக்கு எதழ் ஜாஸ்தி. ஒரு பூவுக்கு நாப்பது போடணும். ரோஜான்னா எட்டுல முடிஞ்சிரும்."

துரை அதை எடைபோட்டுப் பார்த்தார். நிர்வாகம் தெரிந்த மனிதர். அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். போகலாம் என்று தலையசைத்தார். மாடு வேலி தாண்டியது பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் வேலி ஓரடி உயர்த்தப்பட்டது.

நிலையத்துக்கு அன்று நாற்பத்தோரு பேர் போன் செய்திருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் டீவி கெட்டுவிட்டதா என்று கேட்டார்கள். மூன்று பேர் வாசித்தது யார் என்று கேட்டார்கள். சிரம்பானிலிருந்து சங்கீத ரசிகர் ஒருவர் பத்திரிகையில் எழுதினார். காந்தாரத்தில் செவலையாகவும் தைவதத்தில் கருப்பாகவும் மாடு மாறுவது மிக நுட்பமான கற்பனை என்றும், ஓவியர் சுரங்களின் நிறத்தை ஆழ்ந்து கற்றவராக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். சாம்பசிவம் அதை வெட்டி அனுப்பினார். வேலாயி அதை மணியம்மாவிடம் கொடுத்தாள். மணியம்மா ஒன்பது பெண்களையும் கூட்டி வாசித்துக் காட்டினாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வருடத்துக்கும் ஒன்று செய்யச் சொல்லிக் கேட்டார்கள். இந்தத் தடவை ஐந்து நிமிடத்துக்குள் வாசிக்க வேண்டும் என்று நல்லுசாமிக்குத் தனியாக எழுதியிருந்தார்கள். அவர் டிரையரில் வேலை அதிகம் என்று பதில் எழுதச் சொன்னார். வேலாயிதான் எழுதினாள். அவர் இல்லாமல் மாடு நடக்காது என்று தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தாள். நிலையம் மறுபடி வெளிநாட்டிலிருந்து ஒன்றை வாங்கிப் போட்டது. இம்முறை அன்னங்கள்.

எண்பத்தைந்தில் தானா ராத்தாவிலிருந்து சுகாதார அதிகாரி ஒருவர் ஜீப்பில் ஆயாக் கொட்டகைக்கு வந்தார். சிவசாமி என்று பெயர்; புதிதாக மாற்றலாகி வந்தவர். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்குக் கொக்கிப்புழு எப்படி ஏறுகிறது என்று மூன்று நிமிடப் படம் வேண்டும். தோட்டங்களிலும் கம்போங் என்கிற மலாய்க் கிராமங்களிலும் திரை கட்டிக் காட்டப்போகிறோம் என்றார்.

"புழு நடக்கணுங்களா?"

"நெளியணும்."

வேலாயி சரி என்றாள். புழுவுக்குக் கால் இல்லை. மாட்டோடு பார்த்தால் பாதி வேலைதான். நிறத்தையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டாள்: இளஞ்சிவப்பு.

ஒரு மாதத்தில் முடித்துக் கொடுத்தாள். சிவசாமி அதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தார்.

"நல்லா இருக்கும்மா. அதுதான் பிரச்சன. இந்தப் புழுவப் பாத்தா பிள்ளைங்களுக்குப் பயம் வரணும். இது நல்ல புள்ள மாதிரி வருது."

அவள் பல் வைத்துக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. சிவசாமி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. படம் ரிங்லெட்டில் ஆரம்பித்து லெம்பா பெர்த்தாம் வரை போனது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் காலைப் பார்த்தார். செருப்பு போட்டவர்கள் இரண்டு மடங்கு ஆகியிருந்தார்கள். ஏன் போட்டாய் என்று ஆயாக் கொட்டகையில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தியைக் கேட்டார். போடாவிட்டால் புழு ஏறிவிடும், அப்புறம் மாத்திரை கொடுப்பீர்கள், அது செத்துப்போகும் என்றாள் அவள்.

சிவசாமி அறிக்கையில் எண்ணிக்கையை எழுதினார். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி வேலாயியைப் பார்த்தார். அவள் அழுத பிள்ளை ஒன்றுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பொதுமக்கள் ஒத்துழைப்பு" என்று எழுதி, மூடிவைத்தார். பிறகு அடுத்த வருடம் கொசு இருக்கிறது, ஆறு கால், முடியுமா என்று கேட்டார்.